பெட்டிக்குள் ஓர் உருண்டை

வீடியோ கேம் விற்கிறவளுக்கு விளையாடத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, "இது எதுக்கு?" என்று நாற்பது பேர் கேட்டாலும் நாற்பதாவது ஆளுக்கும் சிரித்த முகமாகப் பதில் சொல்லத் தெரிய வேண்டும். கடையில் கால் கடுக்க நின்ற புண்ணியவான்களே, உங்களுக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்!

நான் ஜெசிந்தா. புனேயின் கேம்ப் பகுதியில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கடையின் கேம் மூலை என் ராஜ்ஜியம். ஒரு டிவி, ஒரு சோபா, வருகிறவர்கள் விளையாடிப் பார்க்க ஒரு கன்சோல். போன கோடையில் வந்த புதுக் கன்சோலின் பெட்டியில் பட்டன் வைத்த சாதா கண்ட்ரோலர் ஒன்று, கூடவே ஓர் உருண்டை. சாத்துக்குடி அளவு, ரப்பர் மாதிரி மெத்தென்று இருக்கும், ஒரு பட்டன்கூடக் கிடையாது. இரண்டு உள்ளங்கையிலும் ஏந்திச் சாய்த்தால் திரையில் படகு சாயும். லேசாக அழுத்தினால் நிற்கும். ஆறு ஓட ஓட உருண்டை உள்ளுக்குள் மெதுவாக முனகும். அந்த ஆற்று விளையாட்டு ஒன்றுக்குத்தான் அது. எதிரி இல்லை, பாயிண்ட் இல்லை, சும்மா போய்க்கொண்டே இருக்கலாம்.

உருண்டையால் பெட்டியின் விலை கூடுதல். தசராவுக்குப் பிறகு உருண்டை இல்லாத பெட்டியும் கிடைக்கும் என்று கம்பெனி சொல்லிவிட்டது. முதலாளி பாட்டீல் சார் என்னைக் கூப்பிட்டார். இந்தியும் மராட்டியும் கலந்து அவர் பேசியதைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: "உருண்டைக்காக ஆள் வாங்குறாங்களான்னு தசரா வரைக்கும் பார்ப்பேன். இல்லேன்னா உன் மூலையில பிரிண்டர் மை அடுக்கிடுவேன். நீ பிம்ப்ரி கிளைக்குப் போயிடு." பிம்ப்ரியின் தூரம்கூடப் பெரிசில்லை. அந்த மூலையை விட்டுவிட்டு நான் எங்கே போவேன்?

தமிழ் தெரியாதவள்

ஒரு சனிக்கிழமை கணவனும் மனைவியுமாக வந்தார்கள். ஐ.டி. கம்பெனி அடையாள அட்டை இன்னும் கழுத்தில். என்னிடம் இந்தியில் கேட்டுவிட்டு, தங்களுக்குள் கோயம்புத்தூர்த் தமிழில் என்னை அலசிக் காயப்போட்டார்கள். ஊர் விட்டு ஊர் வந்த நம்ம ஆட்களுக்கு இது ஒரு வியாதி. எதிரே நிற்கிறவருக்குத் தமிழ் தெரியாது என்று தாங்களே முடிவு கட்டிவிடுவார்கள். "இந்தம்மாவுக்கே அது எதுக்குன்னு தெரியலீங்க, முழிக்கிறதப் பாருங்க" என்றாள் அவள்.

"தெரியும்மா, உக்காந்து ஒரு தடவை கையில பிடிச்சுப் பாருங்க" என்றேன் தமிழில். இரண்டு பேர் முகத்திலும் ஈயாடவில்லை. வெட்கத்துக்காகவே ஐந்து நிமிஷம் படகு ஓட்டினார்கள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கடைசியில் அவர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ரொம்ப மரியாதையாகக் கேட்டார்: "ஏனுங்கக்கா, இட்லி வாங்க வந்தவன் கூடவே ஒரு மாம்பழமும் வாங்கித்தான் ஆகோணும்னா எப்படிங்க?"

பஸ் போனது

ஆடி மாத மழை புனேயில் பெய்தால் சாலையே தெரியாது. எங்கள் கடைக் கண்ணாடியில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்த ஒரு மத்தியானம், பஸ்ஸுக்குக் காத்திருந்த மராட்டிக்கார அம்மாள் ஒருத்தி உள்ளே ஒதுங்கினாள். பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவளாம். சும்மா உட்காருங்கள் என்று உருண்டையைக் கையில் கொடுத்தேன்.

ஏந்தி மெல்லச் சாய்க்க ஆரம்பித்தாள். வெளியே மழை, திரையில் ஆறு, இடையில் அவள். இரண்டு கரையிலும் நாணல், மேலே வெளிறிய ஆகாயம், படகு எங்கேயும் போய்ச் சேராமல் போய்க்கொண்டிருந்தது. பார்த்துக்கொண்டிருந்த எனக்கும் கால் வலி மறந்துபோனது. கடைக்குள் ஈர மண் வாசனை வந்ததா, எனக்குத்தான் அப்படி இருந்ததா, இன்றைக்கும் தெரியவில்லை. முக்கால் மணி நேரம் கழித்து எழுந்து, குடையை எடுத்துக்கொண்டு, மராட்டியில் சொல்லிவிட்டுப் போனாள்: "என் பஸ் மூணு போயிடுச்சு. போகட்டும்."

நல்ல தூக்கம்

பிம்ப்ரியில் மருந்துத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்க்கும் செல்வராஜ் அண்ணன், ஷிப்ட் முடிந்த கையோடு தங்கச்சி பிள்ளைக்குப் பரிசு பார்க்க வந்தார். உருண்டையைக் கையில் வாங்கிப் பார்த்தார். சோபாவில் சாய்ந்தார். இரண்டாவது வளைவு தாண்டுவதற்குள் குறட்டை. கை தளரவில்லை. உருண்டை அசையாததால் படகு தானாக ஒரு மரத்தடியில் ஒதுங்கி நின்றுகொண்டது. பாட்டீல் சார் தூரத்திலிருந்து முறைத்தார். எனக்கு எழுப்ப மனசு வரவில்லை. அந்த முகத்தில் அப்படி ஒரு நிம்மதி!

எழுந்ததும் பாவம், கூனிக் குறுகிப் போனார். நான் விடுவேனா? இப்போதே பில் போட்டுவிடலாமா அண்ணே என்று ஆசையாகக் கேட்டேன். தலையைச் சொறிந்தார். "கனவுலயும் ஓட்டிக்கிட்டுதாம்மா இருந்தேன். வாங்கிட்டுப் போனா வீட்டுல யாரு என்னை இப்படித் தூங்க விடுவா?"

திரும்பி வந்தது

வாங்கினவர்களும் இல்லாமல் இல்லை. சாங்வியில் இருக்கும் நிவேதா, காலேஜ் மாணவி, ஆசையாக வாங்கிப்போனாள். மூன்றாவது வாரம் உருண்டையை மட்டும் துணிப்பையில் போட்டுக் கொண்டுவந்துவிட்டாள். ஆற்றின் கடைசிவரை போய்விட்டாளாம். வேறு எந்த கேமும் அதைக் கேட்கவில்லையாம். தனியாகத் திருப்பி எடுக்க முடியாதும்மா என்றேன். நான் எத்தனையோ பேருக்கு வாய் வலிக்கப் பேசி விற்றதெல்லாம் அப்போது மனசைச் சுட்டது. அவள் கோபப்படவே இல்லை, அதுதான் இன்னும் சுட்டது. தட்டுத் தடுமாறிய தமிழில் சொன்னாள்: "ஆண்ட்டி, இது நல்ல சாமான்தான். இதுக்கு வேலைதான் இல்ல."

கண்டே நவமி

தசராவுக்கு முந்தின நாள் இங்கே கண்டே நவமி. நம்ம ஊர் ஆயுத பூஜைதான். கடையில் எது உழைக்கிறதோ அதற்கெல்லாம் குங்குமம், சாமந்திப்பூ. ஸ்க்ரூடிரைவர், பில் மெஷின், ஸ்டேப்ளர் எல்லாம் தட்டில் ஏறின. என் மூலையிலிருந்து சாதா கண்ட்ரோலரையும் உருண்டையையும் கொண்டுபோய் வைத்தேன். பாட்டீல் சார் உருண்டையை மட்டும் எடுத்து என்னிடமே நீட்டினார். "இது என்ன உழைச்சுது?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "சார், இத்தனை மாசத்துல ஒரு தடவையாவது கையில பிடிச்சு விளையாடினீங்களா?" என்று கேட்டேவிட்டேன். அவர் என்ன நினைத்தாரோ, பூஜைக்குப் போட்ட புதுச் சட்டையோடு போய் சோபாவில் உட்கார்ந்தார். படகு கிளம்பியது. ஊதுபத்திப் புகை டிவி பக்கம் வளைந்து போனது. முதல் வளைவு, இரண்டாவது வளைவு. அவர் மனைவி வந்து பூஜை நேரம் தப்புகிறது என்றார். இவர் காதில் விழவில்லை. சாரின் தோள் இரண்டும் இறங்கி நான் பார்த்ததே இல்லை. இருபது நிமிஷம் ஆனது.

பிறகு திரும்பாமலே கேட்டார்: "ஜெசிந்தா, நிஜத்தைச் சொல்லு. இது பெட்டியில வேணுமா?" வேணும் என்று ஒரு வார்த்தை சொன்னால் என் மூலை பிழைத்தது. அந்த வார்த்தை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் நிவேதாவின் முகம் குறுக்கே நின்றது. "வேண்டாம் சார். ஒரு விளையாட்டுக்காக எல்லார் தலையிலயும் கட்டுறது நியாயமில்ல" என்றேன். கண்ணில் தண்ணீர் முட்டியது. என் வாயாலேயே பிம்ப்ரிக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டேன். அவர் எழுந்தார். உருண்டையைத் தட்டில் ஸ்டேப்ளருக்குப் பக்கத்தில் வைத்து, ஒரு சாமந்தியை அதன் தலையில் நிறுத்தப் பார்த்தார். அது உருண்டு விழ, மறுபடி எடுத்து வைத்தார். "பெட்டிக்கு வேண்டாம், கடைக்கு வேணும். பிரிண்டர் மையை வேற எங்கயாவது அடுக்கு."

ஆக, உருண்டைக்கு ஏற்ற வேலை என்னவென்று யாரும் இன்னும் கண்டுபிடிக்காவிட்டாலும், தினமும் மத்தியானம் மூன்று மணிக்கு முதலாளி சோபாவை விட்டு எழுந்தால்தான் எனக்கு வியாபாரம் என்கிற அளவுக்கு நிலைமை வந்துவிட்டது.