கேட்டு முடிப்பதற்குள் சொன்ன 'இல்லை'

இரண்டு வருடங்களுக்கு முன், மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், சென்னையை அடுத்த படப்பைக்குச் சற்று உள்ளே தள்ளிப் புதிதாகப் போட்டிருந்த மனைப்பிரிவில் இது நடந்தது. அன்று காலை மனைவியையும் மகளையும் அழைத்துக்கொண்டு வீட்டை விட்டுக் கிளம்பியபோது, இத்தனை வருட உழைப்புக்குப் பலன் கிடைக்கும் நாள் இதுதான் என்று நினைத்துக்கொண்டுதான் கிளம்பினேன்.

அதைச் சொல்வதற்கு முன் என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரகடம் பக்கத்தில் வாகன உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் நான் ஸ்டோர்ஸ் பொறுப்பாளர். கையுறை, டேப், துடைக்கும் துணி என்று உற்பத்தி லைனில் இருப்பவர்களுக்கு எது வேண்டுமானாலும் என் கம்பிக் கதவுக்கு முன்னால் வந்து நின்றுதான் வாங்க வேண்டும். ஸ்டோர்ஸில் இருப்பவர்கள் பலருக்கும் ஒரு பழக்கம் உண்டு. யார் எதைக் கேட்டாலும் முதலில் இல்லை என்று சொல்லிவிடுவது. நிஜமாகவே தேவைப்படுகிறவர் மறுபடி வருவார், அப்போது கொடுத்தால் போதும் என்பது கணக்கு.

"இன்னா சார், பின்னாடி அட்டைப் பொட்டி அப்டியே கீது, இல்லன்றீங்க?" என்று பையன்கள் கேட்பார்கள்.

"அது அடுத்த மாசத்துக்குப்பா."

"அடுத்த மாசம் வந்தா அதுக்கு அடுத்த மாசத்துக்குன்னுவீங்க. உங்க கைல இருந்து ஒரு கிளவுஸ் வாங்கறதுக்குள்ள எனக்குக் கல்யாணமே ஆயிடும்" என்று சொல்லிவிட்டுக் கிழிந்த கையுறையோடு திரும்பிப் போவார்கள். என் ஸ்டோர்ஸில் எதுவும் தீர்ந்துபோனதாக ஒரு நாளும் ஆனதில்லை. அதில் எனக்குப் பெருமை இருந்தது.

வீட்டிலும் நான் அப்படித்தான் இருந்தேன். அதற்கு ஒரு காரணமும் உண்டு. மகள் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது, அப்போது நான் வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள். அடுத்த வேலை கிடைக்கும்வரை மனைவியின் செயின் அடகுக் கடையில் இருந்தது. பால்காரரைப் பார்த்தால் நான் வேறு தெருவில் திரும்பிப் போவேன். இனி ஒருநாளும் அந்த நிலைமை வரக் கூடாது என்று முடிவு செய்தேன். புது வேலையில் சேர்ந்த நாளிலிருந்து, கூடுதல் நேர வேலைக்கு வரும் ஓ.டி. பணத்தைத் தொடவே மாட்டேன், அப்படியே வங்கியில் டெபாசிட் போட்டுவிடுவேன். எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று வீட்டில் யாருக்கும் சொன்னதில்லை. தெரிந்தால் செலவு வந்துவிடும் என்று பயம். மனைவி மிக்ஸி கேட்டாலும், மகள் பள்ளிச் சுற்றுலாவுக்குக் கேட்டாலும், "நம்மகிட்ட எங்கம்மா இருக்கு" என்பதுதான் என் பதில். பல சமயம் பிறகு வாங்கியும் கொடுத்திருக்கிறேன். ஆனால் முதலில் வருவது அந்த வார்த்தைதான்.

மகள் நன்றாகப் படித்தாள். பன்னிரண்டாவது முடித்ததும், பக்கத்துக் கல்லூரியில் பி.காம். போதும் என்று அவளாகவே சொன்னாள். பணம் அதிகம் கேட்காத பிள்ளை என்று அக்கம்பக்கத்தில் சொல்லிச் சந்தோஷப்பட்டேன். படிப்பு முடிந்ததும் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தாள்.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

மனை விற்பவர்களின் வேனில்தான் எங்களை அழைத்துப் போனார்கள். செம்மண் தரையில் வெள்ளைக் கற்கள் நட்டு, மூலைக்கு மூலை கொடி கட்டியிருந்தார்கள். நாங்கள் பார்த்தது கிழக்குப் பார்த்த மனை. மனைவி நிழல் தேடி வேன் பக்கம் ஒதுங்கினாள். மகள் மட்டும் ஒரு குச்சியை எடுத்து மண்ணில் கோடு போட ஆரம்பித்தாள். "இங்க ஹால். கிச்சன் இந்தப் பக்கம் வெச்சா அம்மாவுக்கு வெயில் அடிக்காது. மாடிப்படி வெளியில வேணாம்பா, உள்ள வெச்சுட்டு அதுக்குக் கீழ ஷெல்ஃப் போட்டுக்கலாம்" என்று அவள் போடப் போட, வெறும் மண்ணில் எங்கள் வீடு எழுந்து நிற்பதுபோல் இருந்தது. எங்களோடு வந்த விற்பனைக்காரத் தம்பிகூடக் குனிந்து பார்த்தான்.

"மேடம் ஆர்க்கிடெக்டா?"

"இல்லண்ணா, அக்கவுண்ட்ஸ்" என்று சிரித்தாள்.

அவன் என் பக்கம் திரும்பினான். "சார், லோன் எந்த பேங்க்? நம்மகிட்டயே ஆள் இருக்கு, பண்ணிக் குடுத்துரலாம்."

இந்தக் கேள்விக்காகத்தான் நான் காலையிலிருந்து காத்திருந்தேன். "லோன் வேணாம் தம்பி. முழுசும் கையில இருக்கு."

"முழுசுமா?" என்று என்னை மேலும் கீழும் பார்த்தான். "பார்த்தா தெரியலயே சார்."

மனைவி வேன் பக்கத்திலிருந்து நடந்து வந்தாள். "இன்னாங்க சொல்றீங்க? பேங்க்ல ஏதோ கொஞ்சம் போட்டு வெச்சிருக்கேன்னுதானே சொல்வீங்க? கேஸ் தீர்ந்தா பத்து நாள் முகத்தைத் தூக்கி வெச்சுக்கறவரு, இவ்ளோத்தையும் எங்க வெச்சிருந்தீங்க?" கேட்டது கோபமாக இருந்தாலும் முகத்தில் சிரிப்பு வழிந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. எந்த ஆண்டு எவ்வளவு, எந்த வங்கி, எத்தனை முறை புதுப்பித்தேன் என்று ஒன்றுவிடாமல் ஒப்பித்தேன். கடைசியாக மகளைப் பார்த்து, "நீ பன்னெண்டாவது படிக்கும்போதே இதுல பாதிக்கு மேல சேர்ந்துடுச்சு, தெரியுமா?" என்றேன்.

"பன்னெண்டாவதுலயா?" என்றாள்.

குச்சியைப் போட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள். முன்பணம் என் பையில் இருந்தது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்ததும் எடுக்கத் தோன்றவில்லை. யோசித்துச் சொல்கிறோம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினோம். வேன் எங்களைப் படப்பை பஸ் நிறுத்தத்தில் இறக்கிவிட்டது. மனைவி பூ வாங்கப் போனாள். ஷேர் ஆட்டோவுக்காக நானும் மகளும் நின்றுகொண்டிருந்தோம்.

"ஏன்மா, இடம் புடிக்கலயா?"

"இடம் நல்லாதான் இருக்கு." ஆட்டோ வருகிறதா என்று ரோட்டை எட்டிப் பார்த்தாள். "நான் ஒரு நாள் உன்கிட்ட கேட்டேன்பா. டிராயிங் மிஸ், நீ ஆர்க்கிடெக்ச்சர் என்ட்ரன்ஸ் எழுதுடி, உனக்குக் கண்டிப்பா கிடைக்கும்னாங்க. அன்னிக்கு நீ சாப்ட்டுகினு இருந்த. அஞ்சு வருசம் படிக்கணும்பா, அப்டின்னு ஆரம்பிச்சேன். நம்மகிட்ட எங்கம்மா இருக்குன்ன."

"அப்புறம் நீ கேக்கவே இல்லியேம்மா."

"இல்லன்னு சொன்னவர்கிட்ட எப்டிப்பா மறுபடி கேக்கறது? பாவம், இருந்தா குடுத்திருப்பாருன்னு நெனச்சுக்கினேன்."

அவள் குரலில் கோபமே இல்லை. ஷேர் ஆட்டோ வந்து நின்றது. ஏறிக்கொண்டோம். பூவை மடியில் வைத்துக்கொண்டு மனைவி மட்டும் வழியெல்லாம் வீட்டைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தாள்.

முப்பது வருடமாக நாட்குறிப்பு எழுதுகிறவன் நான். மழை பெய்தது முதல் பஸ் தாமதமானது வரை எழுதி வைப்பேன். அன்று இரவு பழைய குறிப்புகளை எடுத்து, அவள் பன்னிரண்டாவது படித்த வருடம் முழுவதையும் புரட்டினேன். அந்தப் பேச்சு எங்கேயும் இல்லை. அவளுடைய வாழ்க்கை திசை மாறிய அந்த வேளை, எனக்கு எழுதி வைக்கும் அளவுக்குக்கூட ஒரு சம்பவமாக இருக்கவில்லை.

மறுநாள் வங்கிக் காகிதங்கள் எல்லாவற்றையும் கூடத்தில் பரப்பி வைத்து இருவரையும் உட்காரவைத்தேன். இருப்பது இவ்வளவு, இனி இதை மூன்று பேரும் சேர்ந்துதான் முடிவு செய்ய வேண்டும் என்றேன். அந்த மனையை வாங்கவில்லை. பாதியை மகள் பெயரில் மாற்றினேன். இப்போதாவது போய்ப் படி என்று சொன்னேன்.

தொழிற்சாலையிலும் மாற முயன்றேன். கையுறை கேட்டால் கேட்டவுடன் எடுத்துக் கொடுத்தேன். மாத நடுவிலேயே ஸ்டோர்ஸ் காலியாகிவிடும் என்று பயந்துகொண்டுதான் கொடுத்தேன். முதல் மாதம் கொஞ்சம் கூடுதலாகப் போனது உண்மை. அதற்குப் பிறகு முன்பைவிடக் குறைவாகவே போனது. விசாரித்தபோதுதான் தெரிந்தது, கேட்டவுடன் கிடைக்காது என்று இத்தனை காலம் கொடுக்கும்போதெல்லாம் கூடுதலாக வாங்கி ஆளாளுக்கு லாக்கரில் நாலைந்து ஜோடி பதுக்கி வைத்திருந்தார்களாம். கேட்டால் கிடைக்கும் என்று ஆனதும் யாரும் பதுக்கவில்லை. என் பயம்தான் அவர்களையும் பதுக்க வைத்திருக்கிறது.

பொருள் விஷயத்தில் அவ்வளவு சீக்கிரம் சரியாகிவிட்டது. மகள் விஷயத்தில் அப்படி ஆகவில்லை. நாலு கல்லூரிகளில் விசாரித்து விண்ணப்பங்கள் வாங்கி வந்தேன். வயது ஒரு தடையில்லை என்று கேட்டுத் தெரிந்துகொண்டு வந்து சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். "இனிமே சின்னப் பசங்களோட போயி அஞ்சு வருசம் உக்காரணுமாப்பா? வேலை பழகிடுச்சு. எனக்கு இதுவே புடிச்சிருக்கு" என்றாள். அவள் பெயரில் போட்ட பணம் அப்படியே இருக்கிறது. போன மாதம் செருப்பு வாங்கக் கடைக்குப் போனோம். நல்லதாக ஒன்றை நான் எடுத்துக் கொடுத்தேன். விலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "வேணாம்பா" என்று அதைத் திரும்ப வைத்தாள்.

நான் இப்போது யாரிடமும் இல்லை என்று சொல்வதில்லை, பணத்தை நினைத்துப் பயப்படுவதும் பெரும்பாலும் போய்விட்டது. ஆனால் என் மகள் ஒன்றை வேண்டாம் என்று சொல்லும்போது, அவளுக்கு அது உண்மையிலேயே வேண்டாமா, அல்லது சிறு வயதிலிருந்து நான் பழக்கிவிட்டதால் வேண்டாம் என்கிறாளா என்பது மட்டும் எனக்கு இன்றுவரை தெரியவில்லை.