நெஞ்சுமட்டத் தண்ணீரில் ஒரு நீச்சல் கண்ணாடி

எனக்கு நீந்தத் தெரியாது. பருத்தித்துறையில் பிறந்து, கடல் இரைச்சல் காதில் விழ வளர்ந்து, ஐம்பதைத் தாண்டிய ஓர் ஆண் இதை வெளியில் சொல்லக்கூடாது. சொன்னால் பரம்பரைக்கே இழுக்கு. எங்கள் ஆட்கள் பாய்க்கப்பலில் பர்மாவுக்குப் போய் அரிசி கொண்டுவந்த கதை கலியாண வீடுகளில் இன்னமும் ஓடும். என் அப்பாவோ கடலைக் காட்டி, இறங்கினால் காலை முறிப்பேன் என்று சொல்லி டியூஷனுக்குத் துரத்தினவர். நான் படித்து நிமிர்ந்தபோது நாட்டில் சண்டை தொடங்கியிருந்தது. கடலில் ஒருவரும் இறங்கக்கூடாது என்றார்கள். மறுபடி இறங்கலாம் என்றபோது எனக்குப் பிள்ளைகள் இருந்தார்கள், தொந்தியும் இருந்தது. அந்தக் கோலத்தில் போய் யாரிடம் நீச்சல் பழகுவது?

ஆனாலும் வங்கி வேலையிலிருந்து ஓய்வெடுத்த நாளிலிருந்து விடியற்காலையில் கடற்குளிப்புக்குப் போகிறேன். நாங்கள் நாலு பேர். என்னோடு ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர், தபால் கந்தோரில் இருந்தவர் ஒருவர், இரும்புக்கடை முதலாளி ஒருவன். இரும்புக்கடைக்காரன்தான் தலைவன். அவனுடைய அப்பப்பா பாய்க்கப்பல் ஒன்றுக்குத் தண்டயலாக இருந்து கப்பலை நடத்தினவர். நீச்சல் தங்கள் இரத்தத்தில் கிடக்கிறது என்று அவன் சொல்லாத விடியல் இல்லை. நெஞ்சுமட்டத்துக்கு அப்பால் மட்டும் அவன் எங்களைக் கூட்டிப்போவதில்லை. அங்கே கல் காலை வெட்டுமாம்.

நான் இவர்களுக்கு நடுவில் சமாளிக்கும் முறை இதுதான். ஒரு காலை மணலில் ஊன்றி, மற்றக் காலைப் பின்னால் தூக்கி, கைகளை அகல வீசிக்கொண்டு கெந்திக் கெந்திப் போவேன். மேலே நின்று பார்த்தால் நீச்சல். கீழே நின்று பார்க்க ஆள் இல்லை. அந்தத் தண்ணீரில் நின்றுதான் ஊரில் எந்தக் காணி எவருக்கு, எந்தப் பெடியன் எந்த நாட்டுக்கு என்பதெல்லாம் தீர்மானமாகும். வேலை போன பிறகு என்னை யாராவது எதிர்பார்த்து நிற்கும் ஒரே இடம் அது. அதுவும் போய்விட்டால் நான் வீட்டில் ஒரு கதிரைக்குச் சமம்.

அப்படிப்பட்ட குளிப்புக்குத்தான் என் கண்கள் உலை வைத்தன. இரண்டும் கொவ்வைப்பழமாகச் சிவந்து எரிந்தன. கடற்குளிப்பை விடுங்கள், அல்லது நீச்சல் கண்ணாடி போடுங்கள் என்றார் யாழ்ப்பாணத்துக் கண் டொக்டர். கூட வந்த மனைவியின் காதில் முதற்பாதி மட்டும் விழுந்தது. அவள் உடுவில்காரி. செம்மண்ணில் பிறந்தவர்களுக்குக் கடல் என்றால் தூரத்துச் சொந்தம், கண்டால் தலையாட்டினால் போதும். வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் என்ன விஷமா என்று ஒரு கிழமை கேட்டாள். நான் இரண்டாம் பாதியை விடாமல் பிடித்தேன். கடைசியில், வாங்குவதென்றால் தானும் வருவேன் என்றாள். நான் தனியே போய் வாங்கிய சப்பாத்து ஒன்று இன்னமும் பரணில் புதிதாகவே இருக்கிறதாம்.

சனிக்கிழமை யாழ்ப்பாணம் போனோம். விளையாட்டுச் சாமான் கடையை நடத்துபவர் எங்கள் வயதை ஒட்டிய ஒரு பெண். நாடாவை மாட்டாமல் கண்ணாடியைக் கண்ணில் வைத்து அமத்த வேண்டும், கையை எடுத்தபிறகும் கொஞ்சநேரம் ஒட்டிக்கொண்டு நின்றால் அதுதான் அளவு என்று சொல்லிக்கொடுத்தார். முதலாவது உடனே விழுந்தது. இரண்டாவதும் விழுந்தது. மூன்றாவது சறுக்கி மூக்கில் ஒருகணம் நின்று, யோசித்து, பிறகு விழுந்தது. குடும்ப மூக்கின் குற்றம் என்றாள் மனைவி. அந்த மூக்கைப் பார்த்துத்தானே சம்மதித்தீர் என்று நான் கேட்டேன். கடைக்காரப் பெண் மூக்கைப் பார்க்கவில்லை, நெற்றியைப் பார்த்தார்.

"அண்ணை, இண்டைக்கு எண்ணெய் வைச்சு முழுகினனீங்களோ?"

சனிக்கிழமை ஆண்பிள்ளை முழுகாமல் என்ன செய்வான்? உச்சியில் வைத்த நல்லெண்ணெய் சீயாக்காய்க்கும் தப்பி, காதோரம் வழியாக இறங்கி, முகமெல்லாம் பளபளத்துக்கொண்டிருந்தது. எண்ணெய் பூசின முகத்தில் உலகத்தில் எந்தக் கண்ணாடியும் ஒட்டாது என்றார் அவர். கடைக்குப் பின்னால் இருந்த பைப்படிக்குப் போய்ச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு வந்தேன். வந்து பார்த்தால் மனைவி கறுப்புக் கண்ணாடி ஒன்றை மாட்டிக்கொண்டு நிலைக்கண்ணாடி முன்னால் பக்கவாட்டில் நின்று தன்னை ரசித்துக்கொண்டிருந்தாள். கண்டும் காணாமல் இருந்தேன்.

கழுவிய முகத்தில் அடுத்த கண்ணாடி ஒட்டியது. ஒட்டியதோடு நில்லாமல் கண்முழி இரண்டையும் வெளியே இழுத்தது. மீன் சந்தையில் முழி பிதுங்கிக் கிடக்கும் கணவாய் மாதிரி இருக்கிறது என்றாள் மனைவி. இறுக்கம் கூடிப்போச்சு என்று சொல்லி, ஓரம் மெத்தென்ற ரப்பராகவும் மூக்குத்துண்டு மாற்றக்கூடியதாகவும் இருந்த வேறொன்றைக் கடைக்காரப் பெண் எடுத்தார். அது இருந்த சுவடே தெரியாமல் இருந்தது. நிறத்தில்தான் சண்டை வந்தது. எனக்கு வெளிப்பக்கம் நீலமாக மின்னுகிறது வேண்டும். என்னைப் பார்த்துச் சிரிக்கப்போகிறவர்களை நான் பார்ப்பது அவர்களுக்குத் தெரியக்கூடாது, அவ்வளவுதான் காரணம். உச்சி வெயிலில் நீந்துகிறவர்களுக்குத்தான் அது, விடியலில் போட்டால் இருட்டாக இருக்கும், வெள்ளைதான் நல்லது என்றார் கடைக்காரப் பெண். இரண்டு பெண்கள் ஒரு பக்கம் நின்றால் பிறகு என்ன? வெள்ளை வாங்கினோம்.

காசு கொடுக்கும்போது, இதைப் போட்டால் ஆள் தாழமாட்டார்தானே என்று மனைவி ஒரு கேள்வி கேட்டாள். இது கண்ணுக்கு மட்டும்தான், அண்ணைக்கு நீந்தத் தெரியும்தானே என்று அந்தப் பெண் என்னைப் பார்த்தார். நான் காசை இரண்டாந்தரம் எண்ணினேன். பதில் மனைவியிடமிருந்து வந்தது.

"இவர் பருத்தித்துறை ஆள்," என்றாள். அவ்வளவு பெருமையாக அவள் என்னைப்பற்றிச் சொல்லி நான் கேட்டதில்லை.

அடுத்தநாள் கண்ணாடியோடு கடற்கரைக்குப் போனேன். நான் எதிர்பார்த்த வரவேற்பு குறைவில்லாமல் கிடைத்தது. இரும்பு ஒட்டுகிற வேலைக்குப் போகிறேனா என்று அதிபர் கேட்டார். சந்திரனில் இறங்குகிறவர்கள் இப்படித்தான் போடுவார்கள் என்றார் தபால்காரர். இரும்புக்கடைக்காரன் தன் அப்பப்பாவை இழுத்தான். அவர் கண்ணாடி போட்டா பர்மாவுக்குப் போனார்? அவர் எப்படிப் போனாரோ எனக்குத் தெரியாது, ஆனால் எனக்குக் காதுவரை சுட்டது. அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று பிறகுதான் உறைத்தது. நீச்சல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தலையை வெளியே வைத்திருக்க முடியாது. தண்ணீருக்குள் தாழ்க்க வேண்டும். நான் ஒருநாளும் தலையைத் தாழ்த்தியதில்லை. மூவரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மூச்சைப் பிடித்து, மூக்கையும் பிடித்து, முகத்தை உள்ளே வைத்தேன்.

தெற்கிலிருந்து சோளகக் காற்று அடிக்கிற காலம். அந்த நாட்களில் எங்கள் வடகரைக் கடல் கிணறு மாதிரித் தெளிந்து கிடக்கும். முதலில் என்னுடைய பாதங்கள் தெரிந்தன. வெள்ளை மணல், அதில் விரலளவு மீன்கள். சும்மா சொல்லக்கூடாது, நல்ல வடிவு. மேலே பேச்சு முடிந்து அவர்கள் நீந்தத் தொடங்கிய சத்தம் கேட்டது. தலையைக் கொஞ்சம் திருப்பினேன்.

அதிபர் இரண்டு காலாலும் மணலில் நடந்துகொண்டிருந்தார், பள்ளிக்கூட விறாந்தையில் நடப்பதுபோல. தபால்காரர் ஒற்றைக் காலில் கெந்தினார், அச்சாக என் முறை. தண்டயலின் பேரன் பாசி பிடித்த ஒரு கல்லைக் கால்விரல்களால் இறுக்கிப் பிடித்தபடி மற்றக் காலால் தண்ணீரை அடித்துக்கொண்டிருந்தான். நெஞ்சுமட்டத்து எல்லை அந்தக் கல்தான்.

சிரிப்பு வந்து உப்புத்தண்ணீரைக் குடித்துவிட்டேன். இருமிக்கொண்டு எழும்பினேன். இவர்கள் எல்லாரும் என் வயதுக்காரர்கள். எனக்குப் பூட்டிக் கிடந்த அதே கடல்தானே இவர்களுக்கும் பூட்டிக் கிடந்தது. இவ்வளவு நாளும் இது எனக்கு ஏன் தோன்றவில்லை?

மூன்று பேரும் கைவீச்சை நிறுத்தியிருந்தார்கள்.

"என்ன தெரியுது?" என்றான் இரும்புக்கடைக்காரன். வழக்கமான குரல் இல்லை.

பர்மாக் கதை கேட்டுப் புளித்த காதுக்குப் பழிதீர்க்க ஒரு வசனம் போதுமாயிருந்தது. வாய்வரை வந்தது. அதைச் சொன்னால் நாளைக்கு இந்தக் கரையில் ஒருவரும் இருக்கமாட்டார்கள் என்பதும் தெரிந்தது.

"ஒண்டும் தெரியேல்லை. ஒரே கலங்கல்," என்றேன்.

"ஓம், இண்டைக்குக் கலங்கல்தான்," என்றார் அதிபர் உடனே. கைவீச்சு நின்று தண்ணீர் அடங்கியிருந்ததில் அவருடைய காற்பெருவிரல் நகம் மேலிருந்தே தெரிந்தது. இராத்திரி வள்ளங்கள் வந்து கலக்கியிருக்கும் என்றார் தபால்காரர். எல்லாரும் ஒத்துக்கொண்டோம். பேச்சு வெங்காய விலைக்குப் போனது.

அதிபரும் தபால்காரரும் சைக்கிளை எடுத்துக்கொண்டு போன பிறகு, இரும்புக்கடைக்காரன் துவாயால் தலையைத் துடைத்தபடி என் பக்கத்தில் வந்து நின்றான். என் கையிலிருந்த கண்ணாடியை வாங்கிப் புரட்டிப் பார்த்தான், நாடாவை இழுத்துப் பார்த்தான். பிறகு கடலைப் பார்த்துக்கொண்டு கேட்டான்.

"மச்சான், தலையைத் தாழ்க்கேக்கை உனக்குப் பயமா இருக்கேல்லையே?"

"இருந்தது," என்றேன்.

அவன் தலையாட்டினான். துவாயை மணலில் போட்டுவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரும்பத் தண்ணீருக்குள் இறங்கினான். நெஞ்சுமட்டம் வந்ததும் நின்று, திரும்பிப் பார்க்காமலே கையைப் பின்னால் நீட்டினான். நான் போய்ப் பிடித்துக்கொண்டேன்.