அத்தைக்குள் ஒரு கயிறு

பள்ளி வேன் ஓட்டும் அவளுக்கு ஹாரன் அத்தை என்று பெயர் வைத்தது பின்சீட்டுக் கூட்டம். வண்டி வாசலுக்கு வருமுன்பே ஹாரன் அலறிவிடும். தெருவில் பாதிப் பேர் அவளைத் திட்டிக்கொண்டேதான் கண் விழிப்பார்கள்; மீதிப் பேருக்கு அவள்தான் அலாரம். யாராவது சண்டைக்கு வந்தால், "லேட்டானா டீச்சர்கிட்ட நீங்க வந்து கைகட்டி நிப்பீங்களா?" என்பாள். அவளிடம் வாயாடி ஜெயித்தவர்கள் யாருமில்லை.

அம்மா கண்ணை மூடியபோது தம்பிக்கு நடக்கக்கூட வராது. இடுப்பிலிருந்து இறக்காமல் அவனை வளர்த்தவள் இவள்தான். தன் கல்யாணப் பேச்சு வரும்போதெல்லாம், "அவன ஒரு ஆளாக்கிட்டுப் பாக்கலாம்" என்று தள்ளிப்போட்டாள். கடைசியில் அவனுக்குத்தான் கல்யாணம் நடந்தது, பெண் குழந்தையும் பிறந்தது. அதில் இவளுக்கு ஒரு குறையுமில்லை. குறை குழந்தைக்குத்தான். கல்லீரலிலிருந்து பித்தம் இறங்கும் குழாய் ஒழுங்காக உருவாகாமலே பிறந்திருந்தது. கண் மஞ்சள், வயிறு உப்பல். ஒரு ஆபரேஷன் செய்து பார்த்தும் பலனில்லை. பெரியவர் ஒருவரின் கல்லீரலில் இடது ஓரத்துத் துண்டை எடுத்து வைத்தால் பிழைத்துக்கொள்வாள், இல்லாவிட்டால் ரொம்ப நாள் தாங்கமாட்டாள் என்று சொல்லிவிட்டார்கள். தம்பியின் ரத்த வகை சேரவில்லை. அவன் மனைவி மறுபடி வயிற்றுப் பிள்ளைக்காரி. அத்தையின் ரத்தம் சேர்ந்தது.

"எடுத்துக்கங்க, நான் என்ன பூட்டியா வச்சிருக்கேன்?" என்றாள்.

முதல் ஸ்கேனை வேன் ஷெட்டுக்குப் பக்கத்திலிருந்த ஸ்கேன் சென்டரிலேயே எடுத்துக்கொண்டாள். அங்கே ஒரே கூட்டம். ஸ்கேன் எடுத்தவர் அவசர அவசரமாகக் கருவியை வயிற்றில் வைத்து எடுத்துவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "இடது பக்கம் வெள்ளையா ஒரு வட்டம் தெரியுது. கட்டியா இருக்கலாம். பெரிய ஆஸ்பத்திரியில காட்டிடுங்க."

உயிர்ப்பயம் வந்ததா என்றால், வந்தது, பொய் சொல்வானேன்? ஆனால் அதையும் மீறி அவளை அரித்தது வேறொன்று. குழந்தைக்குக் கொடுக்க வேண்டிய அதே துண்டில்தானா அந்தப் பாழாய்ப்போன வட்டம் வந்து உட்கார வேண்டும்? தம்பியிடம் மூச்சு விடவில்லை. மறுநாள் காலை வேன் எல்லா வாசலிலும் பூனை மாதிரி வந்து நின்றது.

"அத்தை, ஹாரன் ரிப்பேரா?" என்றது பின்சீட்டு.

"ஆமாடி கண்ணு. அதுக்கு ஜுரம்."

பிள்ளைகளை இறக்கிவிட்டு நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கே ஸ்கேன் பார்த்த டாக்டரம்மாவுக்கு ஜலதோஷம். மூக்கை உறிஞ்சிக்கொண்டே வயிற்றில் ஜெல்லைத் தடவினார். திரையில் அந்த வெள்ளை வட்டம் வந்தது. அத்தை தலையைத் தூக்கி அதைக் கைகாட்டினாள்.

"அதானே டாக்டர்?"

டாக்டரம்மா கருவியை நகர்த்தாமல், இருந்த இடத்திலேயே சாவி திருகுவதுபோல் திருப்பினார். வட்டம் மெல்ல நீண்டு ஒரு கோடானது. திருப்பினால் வட்டம், மறுபடி திருப்பினால் கோடு.

"கயித்தக் குறுக்க வெட்டிப் பாத்தா வட்டமாத்தான் தெரியும். நெடுக்கப் பாத்தாதான் கயிறுன்னு புரியும். அங்க குறுக்க மட்டும் பாத்திருக்காங்க. இது கட்டி இல்லம்மா, நார் மாதிரி ஒண்ணு. எல்லாருக்கும் இருக்கும். உங்களுக்குச் சுத்திக் கொஞ்சம் கொழுப்பு ஜாஸ்தி, அதான் பளிச்சுனு தெரியுது."

"கொழுப்பு ஜாஸ்தின்னு ஊரே சொல்லும் டாக்டர். மெஷினும் சொல்லிடுச்சா?" சிரித்தாள், சிரித்த கையோடு அழுதாள். "உள்ள கயிறு எதுக்கு?"

"நீங்க உங்கம்மா வயித்துல இருந்தப்ப அது ரத்தக்குழாய். தொப்புள் வழியா வர்ற அம்மாவோட சத்தெல்லாம் அதுலதான் உள்ள போச்சு. பிறந்ததும் வேலை முடிஞ்சு மூடி, கயிறாயிடுச்சு."

அடுத்து சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். கட்டி இல்லை என்பது உறுதியானது. ஆபரேஷன் செய்யப்போகும் சர்ஜன், தம்பியையும் உட்காரவைத்துப் படத்தைக் காட்டினார். "இந்தக் கயிறுதான் எங்களுக்கு அடையாளம். இத ஒட்டித்தான் துண்டப் பிரிப்போம். சிலருக்கு இது வெளியவே தெரியும். உங்கக்காவுக்கு அது மேல கல்லீரல் சதையே பாலம் மாதிரி மூடியிருக்கு. குழந்தைக்குப் போற ரத்தக்குழாயெல்லாம் அதுக்கடியிலதான் ஓடுது. தெரியாம உள்ள போனா தடுமாறுவோம். இப்ப தெரிஞ்சுபோச்சு, பாலத்தப் பிரிச்சுட்டு நிதானமா போவோம்."

வெளியே வந்ததும் தம்பி வெடித்தான். "கட்டின்னு சொன்னத ஏன்க்கா என்கிட்ட சொல்லல? பயமா இல்லியா உனக்கு?"

"இருந்துச்சு. இப்ப இல்லடா." தன் வயிற்றைத் தொட்டுக் காட்டினாள். "அம்மா எனக்கு ஊட்டுன வழி இது. அதையே கோடா போட்டு வச்சுட்டுப் போயிருக்கா பாரு, இதுக்கு இந்தப் பக்கம் பேத்திக்குன்னு."

அவனுக்கு அம்மாவின் முகம் நினைவில்லை. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, ஆஸ்பத்திரி நடைபாதையில் சின்னப் பிள்ளைபோல் தேம்பினான்.

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. அத்தையின் தையல் ஆறிவரும்போது, தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிக் கதவு வரை அவளைச் சக்கர நாற்காலியில் அழைத்துப்போனார்கள். சிரிக்கக் கூடாது, இருமக் கூடாது என்று நர்ஸ் ஆயிரம் தடவை சொல்லியிருந்தார். உள்ளே தம்பி குழந்தையைத் தூக்கி அவள் பக்கம் திருப்பினான். கண்ணில் மஞ்சள் வெளுக்கத் தொடங்கியிருந்தது. குழந்தை யாரையோ தேடுவதுபோல் பார்த்தது.

அத்தை வயிற்றை இரு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலியைப் பொறுத்து, வாயாலேயே ஒரு ஹாரன் அடித்தாள்.

குழந்தை அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்தது.