பக்கம் ஏழுக்குச் செல்க

ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் சௌந்தரம் முதலில் பாத்திரம் தேய்க்கும் இடத்தைப் பார்க்கிறாள். எண்ணெய் மிதக்கும் வாணலி ஊறிக்கொண்டிருக்கும். தோசைக்கல் சுவரில் சாய்ந்திருக்கும். குண்டானின் ஓரத்தில் களி காய்ந்து வெடித்திருக்கும். குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர் என்பதால் பல வீடுகளில் நேற்றைய சமையல் இன்னும் அழியாமல் இருக்கிறது. அதைப் பார்த்து முடித்த பிறகே வீட்டுக்காரியின் பக்கம் திரும்பி, "நல்லா கீறீங்களா?" என்கிறாள். பதில் வருவதற்குள் பாதிப் படிவம் அவள் மனதில் நிரம்பிவிடுகிறது.

மக்கள் என்ன சாப்பிடுகிறார்கள், அதில் எவ்வளவு சத்து இருக்கிறது என்று நாடு முழுவதும் நடக்கும் சுகாதார ஆய்வில் அவள் ஒரு கணக்கெடுப்பாளர். ஒப்பந்த வேலை. ஆம்பூரைச் சுற்றி நாற்பது வீடுகள் அவள் பொறுப்பு. நாற்பத்தெட்டு வயது. தோளில் ஒரு ரெக்சின் பை. பைக்குள் பன்னிரண்டு எவர்சில்வர் கப்புகள் ஒன்றுக்குள் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன. ஒவ்வொன்றின் அடியிலும் எண் பொறித்திருக்கும். ஒன்றாம் கப்பில் சட்னி அளக்கலாம், பன்னிரண்டாம் கப்பில் கூழ். அவள் நடந்தால் அவை பேசும். தெருமுனையில் வரும்போதே சத்தம் கேட்டு, பழைய துணிக்குப் பாத்திரம் கொடுப்பவள் என்று பலர் தயாராகிவிடுகிறார்கள்.

வாணியம்பாடியில் அன்வரி பேகம் கதவைத் திறக்கும்போதே கையில் இரண்டு பேண்ட் வைத்திருந்தார்.

"ரெண்டும் நல்ல பேண்ட்டு. ஜிப்பு மட்டும்தான் பேஜார். மூடி போட்ட டப்பாவா குடு."

"இது குடுக்கறது இல்லம்மா. நீங்க வாயில போடறத அளக்கறது."

"அளந்து இன்னா பண்ணுவே?"

"டில்லிக்குப் போவும்."

"டில்லிக்காரனுக்கு எங்க ஊட்டுத் தால்ச்சாவுல இன்னா வேலை?"

முக்கால் மணி நேரம் உட்கார்ந்து எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னார். ஒரு குலாப் ஜாமூனை மட்டும் முதலில் மறைத்து, பிறகு தானாக ஒப்புக்கொண்டார். சௌந்தரம் எழுந்ததும் உள்ளே போய் மூன்றாவது பேண்ட்டை எடுத்துவந்தார். "மூணும் சேத்து எடுத்துக்க. அந்தப் பத்தாம் நம்பர் மட்டும் குடுத்துடு."

இந்த வேலைக்கு வருவதற்கு முன் பதிமூன்று வருடம் ஷூ கம்பெனியில் இருந்தாள். கடைசி மேசை. இடது காலையும் வலது காலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நிறம், தையல், உயரம் பார்த்து ஜோடி சேர்க்க வேண்டும். அந்த லைனை மூடிவிட்டார்கள். பேச்சு மட்டும் இன்னும் அந்த மேசையை விட்டு எழவில்லை. பாதியில் அடுப்பைப் பார்க்க ஓடி, திரும்பி வராத பெண் அவளுக்கு 'டேமேஜ்'. மறுபடி போகவேண்டிய வீடு 'ரீவொர்க்'. காலையில் ஒன்றும் மாலையில் வேறொன்றும் சொல்கிறவர்களைப் பற்றிச் சொல்லும்போது இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து நிறுத்தி, தலையை ஆட்டுவாள். "ஜோடி சேரல."

அவளிடம் எழுதப்படாத ஓர் அகராதி இருக்கிறது. 'கொஞ்சூண்டு' என்றால் எட்டாம் கப். 'சும்மா ரெண்டு இட்லி' என்றால் நான்கு. கம்பெனிப் பையன்கள் சொல்லும் 'லைட்டா' என்பது மூன்று பரோட்டா. 'ஏதோ இருந்துச்சு' என்றால் கறி. இதையெல்லாம் அவள் அப்படியே எழுதிவிடுவதில்லை. கப்புகளைத் தரையில் வரிசையாக வைத்துவிட்டுச் சும்மா இருப்பாள். கொஞ்ச நேரத்தில் அவர்களே சரியான கப்பைத் தொட்டுவிடுவார்கள். வாயைப் போலக் கை பொய் சொல்லாது என்பது அவள் எண்ணம்.

வீட்டிலும் இது நிற்பதில்லை. ஷேர் ஆட்டோ ஓட்டும் கணவர் வேலாயுதம் ஸ்டாண்டில் இதைச் சொல்லி அழாத குறை. "சாம்பார் ஊத்துடின்னா, எத்தினியாவது கப்புன்றா."

படிவத்தின் இரண்டாம் பக்கத்தில் முதல் கேள்வி இப்படி இருக்கிறது: 'நேற்று காலை கண்விழித்தது முதல் இன்று காலை கண்விழிக்கும் வரை தாங்கள் உணவு ஏதேனும் உட்கொண்டீர்களா? இல்லை எனில் பக்கம் ஏழுக்குச் செல்க.'

பக்கம் ஏழில், உண்பதற்கு முன் கை கழுவும் பழக்கம் உண்டா என்று கேட்டிருக்கிறார்கள்.

வேலூரில் பயிற்சி நடந்தபோதே அவள் எழுந்து நின்றாள். "மேடம், இப்படிக் கேட்டா எங்க பக்கம் பாதி ஜனம் நேரா ஏழாம் பக்கத்துக்குப் போய்டும்." நிபுணர்கள் தயாரித்த கேள்வி, உட்காருங்கள் என்றார்கள். உட்கார்ந்தாள். அவள் சொல்ல வந்தது எளிய விஷயம். அங்கே சாப்பாடு என்றால் சோறு. இட்லி, தோசை, உப்புமா எல்லாம் டிபன். கூழ் குடிப்பது. போண்டா தின்பது. வயிறு நிறைய இவையெல்லாம் போயிருந்தாலும் சோறு போகாத நாள், ஒன்றும் சாப்பிடாத நாள்தான். அதனால் அவள் அந்தக் கேள்வியை அச்சடித்தபடி எந்த வீட்டிலும் கேட்டதில்லை. "எழுந்து, பல்லு வெளக்கிட்டு, மொதல்ல வாயில இன்னா போட்ட?" என்று தொடங்குவாள். அங்கிருந்து ஒவ்வொரு வாயாக மறுநாள் காலைவரை கூட்டிக்கொண்டு வருவாள்.

போன மாதம் மறுசரிபார்ப்புக்குத் தேவசகாயம் வந்தார். சென்னை அலுவலகத்தில் மேற்பார்வையாளர். கோபப்படத் தெரியாத மனிதர், நீலக்கோடு போட்ட சட்டை, பாக்கெட்டில் மூன்று பேனா. காலையில் அவள் எழுதிய வீடுகளில் மூன்றைச் சீட்டுக் குலுக்கி எடுத்து, அதே நாளைப் பற்றி அதே கேள்விகளை மதியம் அவர் கேட்பார். கேள்வியை அச்சில் உள்ளபடி வாசிக்க வேண்டும், விளக்கக் கூடாது. அவள் கூடவே இருக்கலாம், வீட்டுக்காரர்களிடம் ஒரு வார்த்தை பேசக் கூடாது. மூன்றில் குறைந்தது இரண்டு வீடு ஒத்துப்போக வேண்டும். இல்லாவிட்டால் நாற்பது வீடும் ரத்து, அடுத்த சுற்றில் அவள் பெயர் இருக்காது. குடியாத்தம் பக்கம் பார்த்துக்கொண்டிருந்த முத்துமாரி போன சுற்றில் இப்படித்தான் வீட்டில் உட்கார்ந்தாள்.

பதினொன்றரை மணிக்கு ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் அவரை அழைக்கப் போனாள். அவர் அங்கே ஒரு ஓட்டலில் உட்கார்ந்திருந்தார். அவளுக்கு ஒரு டீ சொன்னார். அவர் முன்னால் ஒரு பூரி செட், ஒரு மசால் தோசை, ஒரு மெதுவடை. சாம்பாரை இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். அவள் டீயை ஊதிக்கொண்டிருந்தாலும் கண் தன் வேலையைச் செய்தது. சாம்பார், ஆறாம் கப், தலை தட்டி. வடையிலிருந்து ஒரு சொட்டு எண்ணெய் அவர் சட்டைப் பாக்கெட்டில் விழுந்தது.

பாலாற்றங்கரை ஊர் ஒன்றுக்குப் போனார்கள். காலையில் அவள் ஐந்து வீடு முடித்திருந்த ஊர்.

முதல் சீட்டு ராஜேஷ். ஷூ கம்பெனியில் வேலை, அன்று லீவு. நேற்று மூன்று வேளையும் கம்பெனி கேன்டீன். அங்கே என்ன போட்டார்கள் என்பதைத் திட்டிக்கொண்டே சொன்னான். காலையில் திட்டிய அதே வரிசையில் மதியமும் திட்டினான். ஓர் அப்பளம்கூட மாறவில்லை. சௌந்தரம் இரண்டு கைகளையும் மடியில் சேர்த்து வைத்துக்கொண்டாள். ஜோடி சேர்ந்துவிட்டது.

இரண்டாவது பில்கிஸ். காலையில் அவள் வீட்டில் தனியாக இருந்தாள். சிக்கன் பக்கோடா ஆறு துண்டு, ரோட்டோரக் கடையில் வாங்கி நின்றபடியே தின்றது என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தாள். மதியம் அவள் பக்கத்தில் மாமியார் உட்கார்ந்திருந்தார்.

"தயிர் சாதம் சார்," என்றாள் பில்கிஸ்.

"வேறு?"

"ஊறுகா."

மாமியார், "எங்க மருமவ வெளியில ஒரு வாய் பச்சத்தண்ணி குடிக்க மாட்டா," என்றார். பில்கிஸ் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு சௌந்தரத்தின் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். தேவசகாயம் சிவப்புப் பேனாவை எடுத்து ஒரு பெருக்கல் குறி போட்டார். தெருவில் நடக்கும்போது வருத்தத்துடனேயே சொன்னார். "ஆறு துண்டு எப்படிம்மா காத்துல போகும்?"

"அது மாமியாக்காரி எதிர்ல போவும் சார்," என்றாள் சௌந்தரம். அதை எழுதுவதற்குப் படிவத்தில் இடமில்லை.

மூன்றாவது சீட்டு மீனாம்பாள். நிலக்கடலைக் காட்டில் கூலி வேலை, கணவர் இல்லை, நல்ல குரல். காலையில் சௌந்தரம் அந்த வீட்டில் மட்டும் பதினோரு வரி எழுதியிருந்தாள். கூழ் இரண்டு சொம்பு, மோர், பச்சை மிளகாய், காட்டில் கொடுத்த போண்டா நான்கு, சட்னி, உப்புமா, டீ, அதில் நனைத்த பொறை இரண்டு, தோசை ஐந்து, பக்கத்து வீட்டிலிருந்து வந்த கருவாட்டுக் குழம்பு, ஒரு வாழைப்பழம். வீட்டில் சோறு வடிக்கும் பழக்கம் போய்க் குக்கர் வந்துவிட்டது. குக்கரின் ரப்பர் வளையம் முந்தாநாள் அறுந்துவிட்டது. அதனால் சோறு வைக்கவில்லை. அதையும் மீனாம்பாள் சொல்லியிருந்தாள்.

மணி இரண்டு. தேவசகாயம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியை மாட்டி, வாசித்தார். "நேற்று காலை கண்விழித்தது முதல் இன்று காலை கண்விழிக்கும் வரை தாங்கள் உணவு ஏதேனும் உட்கொண்டீர்களா?"

சௌந்தரம் தரையில் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். மீனாம்பாளின் வாய் திறப்பதைப் பார்த்தாள்.

"நேத்தா? நேத்து ஒண்ணும் சாப்புடல சார்."

"எதுவுமே?"

"ஒண்ணுமே. அந்தக் குக்கரு பண்ண வேல. வயிறு நேத்துலருந்து காலியாத்தான் கீது."

அவர் பேனா நின்றது. சௌந்தரத்தின் படிவத்தைப் பார்த்தார். பதினோரு வரி. மீனாம்பாளைப் பார்த்தார். மறுபடி பதினோரு வரி. பிறகு அச்சில் இருந்தபடி ஏழாம் பக்கத்துக்குப் போனார்.

"உண்பதற்கு முன் கை கழுவும் பழக்கம் உண்டா?"

"துன்னாதானே சார் கழுவறது?"

சௌந்தரம் பைக்குள் கையை விட்டுக் கப்புகளைப் பிடித்துக்கொண்டாள். அவை சத்தம் போடவில்லை. வாயைத் திறந்தால் விதிமீறல். திறக்காவிட்டால் நாற்பது வீடு, இரண்டு மாத வெயில், எல்லாம் இந்த ஒரு வார்த்தையில் போகும். தேவசகாயம் சிவப்புப் பேனாவைத் தேடினார். அது பாக்கெட்டில் இருந்த இன்னொரு பேனாவுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டிருந்தது.

மீனாம்பாளுக்கு அவரைப் பார்த்துப் பாவமாக இருந்தது. "மூஞ்சி வாடிக் கீதே. நீ சாப்ட்டியா சார்?"

"எங்கம்மா," என்றார் அவர், பேனாவை இழுத்தபடி. "காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடலை. இந்த அலைச்சல்ல."

சௌந்தரம் எழுந்தாள். பையிலிருந்து பன்னிரண்டு கப்புகளையும் எடுத்து, அவர் காலடியில், சின்னதிலிருந்து பெரியதுவரை வரிசையாக வைத்தாள். ஒரு புதுப் படிவத்தை அட்டையில் செருகினாள். பெயர் என்ற இடத்தில் தேவசகாயம் என்று நிறுத்தி எழுதினாள். பிறகு அவரைப் பார்த்து, அச்சில் உள்ளபடியே வாசித்தாள்.

"இன்று காலை கண்விழித்தது முதல் இதுவரை..." அங்கே மட்டும் நேற்றை இன்றாக்கியிருந்தாள். "தாங்கள் உணவு ஏதேனும் உட்கொண்டீர்களா?"

"அதான் சொன்னேனேம்மா, இன்னும்..." என்று தொடங்கியவர் நிறுத்தினார். குனிந்து பார்த்தார். சட்டைப் பாக்கெட்டில் வடை எண்ணெய் ஐந்து ரூபாய்க் காசு அளவுக்குப் படர்ந்திருந்தது.

"பூரி," என்றார் மெதுவாக. "ஒரு தோசையும்."

மீனாம்பாள் சுவரில் சாய்ந்திருந்தவள் நிமிர்ந்தாள். "இன்னாது, டிபனுமா எழுதறீங்க? மின்னாடியே சொல்றதுக்கு இன்னா சார்? நான் கூழு குட்ச்சனே! போண்டா துன்னனே! தோச அஞ்சு..." விரல்களை மடக்கத் தொடங்கினாள். ஒரு கை போதாமல் இன்னொரு கையையும் எடுத்தாள்.

தேவசகாயம் சிவப்புப் பேனாவை விட்டுவிட்டு நீலத்தை எடுத்தார். ஏழாம் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகத் திருப்பி இரண்டாம் பக்கத்துக்கு வந்தார். மீனாம்பாள் சொல்லச் சொல்ல எழுதினார். பதினோரு வரி ஆனது. கூடவே காலையில் மறந்துபோன ஒரு வேர்க்கடலை உருண்டையும்.

அவர் கையெழுத்துப் போட்டு மூடியை மாட்டிய பிறகும் சௌந்தரம் தன் அட்டையைக் கீழே வைக்கவில்லை. பேனா முனையை, சாம்பார் என்று தான் எழுதிய வரியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். தேவசகாயம் நாற்காலியில் கொஞ்சம் முன்னால் நகர்ந்தார். கை நீண்டு நாலாம் கப்பைத் தொட்டது. அங்கேயே சற்று நேரம் நின்றது. பிறகு ஐந்தைத் தாண்டிப் போய், ஆறாம் கப்பை எடுத்து அவள் பக்கம் வைத்தது.