வண்டியடியில் ஓர் ஈரம்

கொளஞ்சியப்பன் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்திருக்கிறார். வெளியே தெரிவது இரண்டு கால்கள் மட்டும். விடிந்து கால்மணி நேரம் ஆகிறது. "போகலாமா?" என்று அந்தக் கால்களைப் பார்த்துக் கேட்கிறேன். "இருங்க சார், இன்னும் ஆயிலே பாக்கல" என்று கால்கள் பதில் சொல்கின்றன.

எங்கள் சுகாதாரச் சங்கத்துக்கு ஒரு வண்டி உண்டு. யுத்தம் முடிந்ததும் பட்டாளத்தார் கழித்துவிட்டதை வாங்கி, உள்ளே இரண்டு படுக்கைப் பலகைகளும் ஒரு மண்ணெண்ணெய் அடுப்பும் வைத்து, பக்கவாட்டில் ஆள் உயரத்துக்கு ஓர் ஈயின் படத்தை எழுதிவைத்தார்கள். மாதத்தில் இருபது நாள் எங்கள் இருவருக்கும் அதுதான் வீடு. பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் படம் காட்டி, கொசு, காலரா, கண்ட இடத்தில் எச்சில் துப்புவது ஆகியவற்றைப் பற்றிப் பிரசங்கம் செய்வது என் வேலை. என்னைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது கொளஞ்சியப்பன் வேலை. இருவரில் யார் முக்கியம் என்பதில் எனக்கு வெகுநாள் வரை சந்தேகமே இருந்ததில்லை.

கொளஞ்சியப்பனுக்கு வயது நாற்பது இருக்கும். அரும்பாவூர்க்காரர். காதில் எப்போதும் பாதி பீடி செருகியிருக்கும். வண்டியை விட்டு முப்பது தப்படி தள்ளிப் போய்த்தான் அதைப் பற்றவைப்பார். எழுத்துப் படிப்பு கிடையாது. வண்டியை விரலாலும் மூக்காலும் நாக்காலும் படித்துவிடுவார். ஆயில் குச்சியை உருவி, துடைத்து, மறுபடி விட்டெடுத்து, ஒரு சொட்டைக் கட்டைவிரல் நகத்தில் வைத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடிப்பார். பிறகு மோந்து பார்ப்பார். பிரேக்கை வெறுங்காலால் மிதித்துக் கண்ணை மூடிக்கொள்வார். பாட்டரிக்குத் தனியாகப் புட்டியில் பிடித்துவைத்த மழைத்தண்ணீர்தான். ரேடியேட்டருக்கு ஊற்றும் தண்ணீரை ஒரு வாய் குடித்துப் பார்த்த பிறகே ஊற்றுவார். அரியலூர்ப் பக்கத்துக் கிணறுகளில் சுண்ணாம்பு அதிகம். "பானையில வெள்ளையாப் படியுது பாருங்க, அதாட்டம் வண்டி தொண்டையிலயும் படிஞ்சிரும் சார்" என்பார்.

காய்ச்சாத தண்ணீரைக் குடிக்காதீர்கள் என்று நான் மேடையில் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்கும்போது, மேடைக்குப் பின்னால் என் டிரைவர் அந்த ஊர் ஏரி, குளம், கிணறு எல்லாவற்றையும் ருசி பார்த்துக்கொண்டிருப்பார். இன்றுவரை அவருக்கு ஒரு வயிற்றுவலி வந்ததில்லை. எனக்குத்தான் அடிக்கடி வருகிறது.

இவை போதாதென்று, சாயங்காலம் வண்டியை நிறுத்தியதும் ஒரு தகர டப்பாவிலிருந்து சுண்ணாம்புத் தூளை எடுத்து அடியில் மெல்லிசாகப் பரப்புவார். காலையில் அதில் விழுந்திருக்கும் சொட்டுகளைப் பார்ப்பார். கறுப்பாக இருந்தால் ஆயில். முன்பக்கம் நடுவில் ஈரம் என்றால் ரேடியேட்டர். சக்கரத்தோரம் என்றால் பிரேக். முதல் நாள் இதைக் கண்டு, கோலம் அழகாக இருக்கிறது என்று பாராட்டிவைத்தேன். "கோலமில்லீங்க. நாம தூங்கையில வண்டி என்ன பண்ணுச்சின்னு தெரியணும்ல" என்றார்.

எதற்கு இத்தனை பாடு என்று ஒரு நாள் கேட்டேன். "அஸ்ஸாம்ல பட்டாள லாரி ஓட்டினேன் சார். ஒருநா அவசரம்னு அடியில பாக்காம எடுத்துட்டேன். மலை எறக்கத்துல பிரேக்கு புடிக்கல. பின்னால ஏழு பேரு இருந்தாங்க" என்றார். அதற்குமேல் நான் கேட்கவில்லை. கேட்காமல் விட்டது என் நாகரிகம் என்று எண்ணிக்கொண்டேன். உண்மையில் எனக்குக் காபிக்கு நேரமாகியிருந்தது.

இவ்வளவு தெரிந்த பிறகும் அவர்மேல் புகார் எழுதியவன் நான்தான். 'டிரைவரின் சடங்குகளால் தினமும் தாமதம்' என்று அருமையான இங்கிலீஷில் எழுதினேன். சங்கத்தின் காரியதரிசி அமிர்தலிங்கம் அவரைக் கூப்பிட்டு, "இன்னொரு தரம் லேட்டாச்சின்னா வேற ஆளப் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டார். பட்டாளத்திலிருந்து திரும்பி ஒன்றரை வருஷம் வேலையில்லாமல் அலைந்த மனிதர். ஊரில் மனைவி இருசம்மாளும் இரண்டு பெண்களும் இந்த வேலையை நம்பித்தான் இருக்கிறார்கள். கொளஞ்சியப்பன் "சரிங்க" என்றார். மறுநாளிலிருந்து அரைமணி முன்னதாக எழுந்தார். சோதனையில் ஒன்றையும் குறைக்கவில்லை.

போன மாதம் செட்டிகுளத்தில் தங்கினோம். காலை பத்து மணிக்கு அரியலூரில் இருக்க வேண்டும்; சங்கத்தைப் பார்வையிடப் பெரிய மனிதர்கள் வருகிறார்கள். நான் எழுந்தபோது அவர் தண்ணீர் ருசி பார்க்கப் போயிருந்தார். வெளியே தூறல். நனைய வேண்டாமே என்று வண்டியின் இடது முன்படியில் நின்றபடியே பல் தேய்த்து, குனிந்து, வாய் கொப்புளித்து முடித்தேன்.

திரும்பி வந்தவர் வண்டியடியில் நுழைந்தார். "சார், இடது பக்கம் முன் சக்கரத்தோரம் ஈரம்" என்றார் பிறகு. விரலில் அந்தச் சுண்ணாம்புச் சேறு. மோந்தார். சுண்ணாம்பாயிற்றே, நாக்கில் வைத்தால் வெந்துவிடும். "வாசனையே இல்லீங்களே. ஆயிலா இருந்தா தெரிஞ்சிரும். பிரேக்கு மேல நம்பிக்க இல்லாம வண்டி எடுக்க மாட்டேன்."

"தூறலாக இருக்கும்" என்றேன்.

"தூறல் எப்பிடி சார் அடியில வரும்?"

சக்கரத்தைக் கழற்றினார். ஊர் கூடிவிட்டது. முந்தின மாலை நான் முக்கால் மணி நேரம் பேசிய அதே ஊர். பேச்சின் தலைப்பு: வாசலில் வாய் கொப்புளிக்காதீர். கூட்டத்தின் முன்வரிசையில் நின்ற வைத்திலிங்கம் என்பவர் நேற்று என்னிடம் அதுபற்றி இரண்டு கேள்விகள் வேறு கேட்டிருந்தார். இப்போது, "என்ன சார் ஒழுகுது?" என்று மூன்றாவது கேள்வியைக் கேட்டார். அந்தப் பெருங்கேள்விக்கு, "இயந்திரங்கள் அப்படித்தான்" என்று பதில் சொன்னேன்.

கொளஞ்சியப்பன் ஒவ்வொரு குழாயாகத் தடவினார். ஒவ்வொரு திருகாணியாக முறுக்கினார். முறுக்கியதையே மறுபடி முறுக்கினார். ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்துபோகும். வாய் வரை வந்தது. வைத்திலிங்கத்தைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டது. மூன்று மணி நேரம் போயிற்று.

அரியலூர் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டரை. பெரிய மனிதர்கள் வந்து, காத்திருந்து, போய்விட்டிருந்தார்கள். காரியதரிசி சங்க வாசலிலேயே நின்றார். "என்னய்யா இன்னிக்கு?" என்றார் கொளஞ்சியப்பனைப் பார்த்து.

"பிரேக்கு ஒழுகுதுன்னு பயந்துட்டேனுங்க. பிரிச்சிப் பாத்தா ஒழுகல. என் தப்புதான்."

"சாவியக் குடுத்துட்டுப் போ."

அவர் சாவியை எடுத்தார். மணிக்கணக்காகப் பேசிப் பழகிய நான், என் வாழ்நாளிலேயே மிகச் சிறிய பிரசங்கத்தை அங்கே செய்தேன்: "அது நான் வாய் கொப்புளித்த தண்ணீர்."

காரியதரிசி என்னைப் பார்த்தார். வண்டியில் எழுதியிருந்த ஈயைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். "டிரைவர மாத்துனா பத்தாது போலருக்கே" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். சாவி கொளஞ்சியப்பன் கையிலேயே இருந்தது. அவர் திட்டினால் தேவலை என்றிருந்தது எனக்கு. சாவியை மடியில் செருகிக்கொண்டார். "ஒழுகலைல, அது போதும் சார்" என்றார் கடைசியில்.

மறுநாள் ஏலாக்குறிச்சியில் கண் விழித்தபோது, அவர் வண்டிக்கு அடியில் இல்லை. இஞ்சின் மூடியும் திறந்திருக்கவில்லை. நாற்பது தப்படிக்கு அப்பால், ஒரு வேலியோரம், கையில் தண்ணீர்ச் செம்போடு நின்றிருந்தார். நான் போனேன். செம்பைக் கொடுத்தார். நான் பல் தேய்த்துக் கொப்புளித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார். முடித்ததும் குனிந்து, தரையில் அந்த ஈரம் எங்கே விழுந்திருக்கிறது என்று பார்த்தார். தலையை ஆட்டிக்கொண்டார். பிறகுதான் வண்டிப் பக்கம் நடந்தார்.