ஒரு லேப்டாப்பில் இரண்டு சர்க்கார்

மதகின் ஷட்டரைத் தூக்கும் முன்பு, அது அப்போது எந்த உயரத்தில் நிற்கிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். குறிக்காமல் தொடக் கூடாது.

பாசனப் பிரிவில் வேலை பார்த்த காலம் முழுக்க இந்த விதியை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்! மெமோவாகவே கொடுத்திருக்கிறேன். காரணம் எளிது. தூக்கியது தவறு என்று தெரிந்தால் பழைய இடத்துக்கு இறக்கியாக வேண்டும். பழைய இடம் எது என்று தெரியாதவன் என்ன செய்வான்? குத்துமதிப்பாக இறக்குவான். ஒரு பக்கம் வயல் காயும், மறுபக்கம் வரப்பு உடையும்.

இந்த விதி மதகுக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்... ஜூன் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை வரை. மேட்டூர் திறந்து, தண்ணீர் கல்லணையைத் தாண்டி, தஞ்சாவூரில் எங்கள் தெருவுக்குப் பின்னால் ஓடும் வாய்க்காலுக்கு வந்து சேர்ந்த வாரம் அது.

எங்கள் வீட்டில் ஒரே லேப்டாப். அதில் இரண்டு இயங்குதளங்கள். விண்டோஸ் என் மனைவி சுகந்தியுடையது. லினக்ஸ் என்னுடையது - நீங்கள் வாராவாரம் படிக்கும் இந்தப் பத்தி பிறக்கும் இடம். ஆன் செய்தால் திரையில் ஒரு பட்டியல் வரும். எந்தப் பக்கம் போக வேண்டும் என்று கேட்கும். ஆற்றை இரண்டாகப் பிரித்துவிடும் ரெகுலேட்டர் மாதிரி. சில வருடங்களாகத் தண்ணீர்த் தகராறே இல்லை.

அன்று காலை பட்டியல் வரவில்லை. ஏதோ அப்டேட் ஓடியிருக்கிறது. லேப்டாப் நேராக விண்டோஸுக்குள் போய் நின்றது. என் கிளை வாய்க்கால் அடைபட்டுவிட்டது!

இணையத்தில் தேடினேன். ஆளுக்கொரு வைத்தியம். விண்டோஸும் லினக்ஸும் விழிப்பதற்கு முன்பே விழித்துக்கொள்ளும் ஓர் அமைப்புத் திரை இருக்கிறது, அதற்குள் போகச் சொன்னார்கள். போனேன். 'செக்யூர் பூட்' என்பதை அணைக்கச் சொன்னார் ஒருவர். அணைத்தேன். வேறொருவர் வேறொன்றைச் சொன்னார். அதையும் மாற்றினேன். மூன்றாவதாகவும் ஒன்றை மாற்றினேன். அது என்னவென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. குறித்து வைத்தேனா? வீட்டில் யார் குறிப்பார்கள்!

விளைவு - லினக்ஸும் இல்லை, விண்டோஸும் இல்லை. ஒரு நீலத் திரை மட்டும் வந்து நின்றது. ஹார்ட் டிஸ்க் என்கிற வட்டு பூட்டப்பட்டிருக்கிறதாம். மீட்புச் சாவியைத் தட்டச்சு செய்ய வேண்டுமாம்.

இதில் என் கவலை ஒரு பத்திதான். சுகந்தியின் கவலை ஏழு வருடம்.

அவள் ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியை. பகுதிநேர ஆராய்ச்சி மாணவி. பொருள், டெல்டாவின் வயல் நண்டு. நண்டு வளையால் கரை கசிகிறது என்று காலமெல்லாம் கோப்பு எழுதியவன் நான். நண்டின் பக்கத்து நியாயத்தை எழுதியவள் அவள். அந்த ஆய்வேட்டை வெள்ளிக்கிழமை மாலைக்குள் பல்கலைக்கழகத்தின் தளத்தில் ஏற்றியாக வேண்டும். ஏற்கெனவே ஒருமுறை அவகாசம் வாங்கியாகிவிட்டது. இனி கிடையாது. தவறினால் பதிவு ரத்து.

"ஏங்க, என் நண்டெல்லாம் எங்க?"

"உள்ளதான் இருக்கு."

"நான் எப்பப் பாக்கலாம்?"

"சாவி வந்ததும். ஆமா, நீ வேற பிரதி எதுவும் எடுத்து வைக்கலையா?"

"வச்சிருக்கேனே! டெஸ்க்டாப்புல ஒண்ணு, டாக்குமென்ட்ஸ்ல ஒண்ணு."

இரண்டும் அதே வட்டில்! வீட்டைப் பூட்டிவிட்டு, மாற்றுச் சாவியை வீட்டுக்குள்ளேயே பத்திரமாக வைப்பது போல.

மீட்புச் சாவி விண்டோஸின் இணையக் கணக்கில் இருக்கும். கணக்கு என் பெயரில். பாஸ்வேர்டும் நினைவிருந்தது. ஆனால் அதற்குள் நுழைய ஒரு சரிபார்ப்பு எண் வேண்டும். அந்த எண் நான் கொடுத்திருக்கும் மாற்று மின்னஞ்சலுக்குப் போகும்.

நான் கொடுத்திருந்தது என் பிரிவின் அலுவலக மின்னஞ்சல்.

சிரிக்காதீர்கள். லேப்டாப் வாங்கியது பணி ஓய்வுக்கு முந்தைய மாதம். நிரந்தரமான முகவரி ஒன்றைக் கொடு என்று கேட்டது. தனிமனிதனின் முகவரி நிரந்தரமா? ஆள் மாறுவான், சீட் மாறாது. கோப்புகளோடு வாழ்ந்த எவனும் அதைத்தான் கொடுத்திருப்பான்.

பிரிவுக்குப் போன் செய்தேன். ஒரு பெண் உதவியாளர் எடுத்தார். நான் இருந்தபோது புதிதாகச் சேர்ந்தவர்.

"சார், வணக்கம் சார்! நல்லாயிருக்கீங்களா? அந்த மெயிலா... அதை யாரும் திறக்கறதே இல்லையே சார். பாஸ்வேர்டு முன்னாடி இருந்த மேடம்கிட்ட இருக்கு. அவங்க திருவாரூர் போயிட்டாங்க."

"அவங்ககிட்ட கேட்டு, அந்த நம்பரை மட்டும் சொல்லிடும்மா. சில நிமிஷம்தான் அதுக்கு ஆயுசு."

"ஆபீஸ் மெயிலை வாய்மொழியா எப்படி சார் திறக்கறது? எழுத்துல ஒண்ணு குடுத்துருங்க. உங்களுக்குத் தெரியாததா சார்!"

தெரியாததா? இதே பதிலை நானே பலருக்குச் சொல்லியிருக்கிறேன். நல்ல ஊழியர். கோபம் வந்தது, ஆனால் அதில் ஒரு திருப்தியும் கலந்திருந்தது.

அன்றே எழுதினேன். 'பொருள்: மடிக்கணினி - மீட்புச் சாவி - சரிபார்ப்பு எண் - தெரிவிக்கக் கோருதல் - தொடர்பாக.' நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, முத்திரையிட்ட நகலும் வாங்கி வந்தேன். செவ்வாய்க்கிழமை பதில் இல்லை.

புதன்கிழமை ஹாஜா வந்தார். அதிராம்பட்டினத்துக்காரர். சவூதியின் தம்மாமில் பெரிய கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவைக் கட்டி ஆண்டுவிட்டு ஊர் திரும்பியவர். எனக்கு லினக்ஸ் ஏற்றிக் கொடுத்தவரும் அவரே. பேச ஆரம்பித்தால் செங்கடல் வரை போய்த்தான் திரும்புவார். அன்று திரையைப் பார்த்ததும் சுருக்கமாக முடித்துக்கொண்டார்.

"சாவி இல்லாம எவனாலயும் முடியாது சார். அதுக்குத்தானே பூட்டு! வேணும்னா எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசாப் போட்டுத் தர்றேன்."

"முதல்ல என்னை அழிச்சிட்டுப் போடுங்க, ஹாஜா தம்பி" என்றாள் சுகந்தி.

நான் மேஜையில் நினைவூட்டுக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். சுகந்தி கொஞ்ச நேரம் அந்த நீலத் திரையையே பார்த்தாள். நண்டு வளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பாளே, அதே பார்வை.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் கேக்காத சாவியை இப்ப மட்டும் ஏன் கேக்குது?"

"அடிப்படை செட்டிங் மாறிப்போச்சுல்ல டீச்சர். எவனோ திருடன் கைவச்சிட்டான்னு நெனச்சுக்கிட்டு இறுக்கிப் பூட்டிக்கும்."

"திருடன் இந்தா உக்காந்து லெட்டர் எழுதுறார். அப்போ, மாத்துனதைத் திருப்பி மாத்திட்டா?"

ஹாஜா நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "செய்யலாம்... அப்படியே பழைய நிலைமைக்கு வந்துட்டா, அது சாவி கேக்காது. சார், எதையெல்லாம் மாத்துனீங்க?"

"செக்யூர் பூட். அப்புறம்... எது முதல்ல எழும்பணும்ங்கற வரிசையில ஏதோ ஒண்ணு."

"போன்ல மூணுன்னீங்களே?" என்றார் ஹாஜா.

பேனா நின்றது. சுகந்தி என் பக்கம் திரும்பினாள்.

"ஷட்டரைத் தூக்கறதுக்கு முன்னாடி எழுதி வைக்கணும், எழுதி வைக்கணும்னு சோறு திங்கறப்பகூடச் சொல்வீங்களே. நான் ஒரு வளையைத் தோண்டறதுக்கு முன்னாடி நாலு பக்கமும் போட்டோ எடுக்கறேன். யார்கிட்ட கத்துக்கிட்டேன்னு நெனச்சீங்க?"

நான் பேனாவை மூடி வைத்தேன்.

ஹாஜாதான் காப்பாற்றினார். "கம்பெனியிலேர்ந்து வந்த நிலைமைக்கே மொத்தமாத் திருப்ப ஒரு வழி இருக்கு."

"கம்பெனி நிலைமையும் ஞாயித்துக்கிழமை நிலைமையும் ஒண்ணுதானா? லினக்ஸ் போட்டப்ப நீங்க எதையாவது மாத்தினீங்களா?"

"எனக்கு நெனவு தெரிஞ்சு இல்ல சார்."

"நிச்சயமா?"

"இன்ஷா அல்லாஹ்!"

சுகந்தியே விசையை அழுத்தினாள். திரை இருண்டது. தெருவில் டிராக்டர் ஒன்று நாற்றுக் கட்டுகளோடு போகும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு விண்டோஸ் வந்தது. சாவி கேட்கவில்லை. முகப்புப் படத்தில் ஒரு வயல் நண்டு, ஒரு கொடுக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது.

அவள் எங்களைப் பார்க்கவே இல்லை. ஆய்வேட்டை முதலில் பென்டிரைவில் போட்டாள். வழிகாட்டிக்கு மெயிலில் அனுப்பினாள். என் கணக்கில் அலுவலக முகவரியை எடுத்துவிட்டுத் தன் செல்போன் எண்ணைப் போடச் சொன்னாள். போட்டேன். அதன்பிறகுதான் ஹாஜாவுக்குக் காபி வந்தது. வியாழக்கிழமையே ஆய்வேடு ஏறிவிட்டது.

என் லினக்ஸ்? அது எங்கேயும் போகவில்லை. லேப்டாப்பை ஆன் செய்யும்போது ஒரு விசையை அழுத்தினால், எந்தப் பக்கம் என்று அதுவே கேட்கும் என்று காட்டினார் ஹாஜா. ஒன்றையும் மாற்ற வேண்டியதே இல்லை. எங்கள் பக்கத்தில் தண்ணீர் வராவிட்டால் முதலில் வாய்க்கால் பிரியும் தலைப்பில் போய், தங்கள் முறை எப்போது என்று கேட்பார்கள். நான் கேட்காமல் கரையை வெட்டியிருக்கிறேன்.

விதி தெரியாதவனால் வரும் சேதம் கொஞ்சம்தான். விதி தெரிந்தவன், அது தன் வீட்டு வாசலோடு நின்றுவிடும் என்று நினைக்கிறானே... சேதம் அங்கேதான்.

இதற்கிடையில் என் விண்ணப்பம் நகர்ந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. பிரிவிலிருந்து தபால் வந்தது. 'தாங்கள் கோரியவாறு மின்னஞ்சல் திறந்து பார்க்கப்பட்டு, அதில் காணப்பட்ட சரிபார்ப்பு எண்கள் கீழ்க்கண்டவாறு தெரிவிக்கப்படுகின்றன.' நான் முயன்ற ஒவ்வொரு முறைக்கும் ஓர் எண். சில நிமிட ஆயுள் கொண்ட எல்லா எண்களும், வரிசை எண்ணிட்டு, கையொப்பத்தோடும் முத்திரையோடும். எழுத்துப்பிழைகூட இல்லை. நான் பழக்கிவிட்ட பிரிவாயிற்றே!

ஆற்றங்கரைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த சுகந்தி, கையில் சித்ரான்னத் தூக்கோடு அதை நின்று படித்தாள். "பெற்றுக்கொண்டேன்னு ஒரு வரி எழுதிப் போட்டுருங்க, பாவம்" என்றாள்.

எழுதினேன். பதில் கிடைக்கப்பெற்ற நாள்: ஆடி பதினெட்டு.