காய்ந்த மண்ணில் தம்பி கட்டிய நகரம்

என் வாய்க்கு ஒரு பூட்டு வாங்கிப் போட வேண்டும் என்று அம்மா அடிக்கடி சொல்லுவாள். போட்டிருக்கலாம். போட்டிருந்தால் இந்நேரம் என் தம்பிக்குக் கல்யாணம் ஆகியிருக்கும்.

நான் வாக்கப்பட்டது மண்டபத்தில். அங்கே ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்க்கிறேன். தம்பி, அபிராமத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் அய்யாவோடு சேர்ந்து விவசாயம் பார்க்கிறான். தினம் போனில் பேச எங்களுக்கு என்ன விஷயம் இருக்கிறது? அதனால் போனிலேயே ஒரு விளையாட்டைப் பிடித்துக்கொண்டோம். ஆளுக்கொரு நாடு, அதில் நகரங்கள் கட்டி வளர்க்க வேண்டும். அவன் தன் முறையை முடித்தால்தான் எனக்கு வரும், நான் முடித்தால்தான் அவனுக்குப் போகும். காலையில் வயலுக்குப் போகிற வழியில் அவன் ஆடுவான். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நான் ஆடுவேன்.

அந்த விளையாட்டில் ஒவ்வொரு நகரத்தின் தலைக்கு மேலும் குட்டிக் குட்டிப் படங்கள் வரும். காலித் தட்டு வந்தால் ஊர் பட்டினி. ஓங்கிய முஷ்டி வந்தால் சனங்கள் கோபத்தில் இருக்கிறார்கள், கவனிக்காவிட்டால் கலகம். கோடு போட்டு அடித்த நீர்த்துளி வந்தால் அந்த இடத்தில் தண்ணீரே கிடையாது, ஊர் வளராது. படத்தை விரலால் அழுத்திப் பிடித்தால் விளக்கம் முழுக்க வரும். இதை மட்டும் நான் அவனிடம் சொல்லவில்லை. ஒவ்வொன்றுக்கும் அவன் என்னிடம் வந்து கேட்கட்டும் என்று எனக்கு ஒரு கொழுப்பு.

ஆற்றங்கரை அத்தனை கிடக்க, அவன் போய்த் தவிட்டு நிற மண்ணில் இரண்டாவது நகரத்தைக் கட்டினான். உடனே அடித்த நீர்த்துளி வந்துவிட்டது. போன் பண்ணினான்.

"அக்கா, தண்ணிய அடிச்சுக் காட்டுதே, என்னது? இன்னும் மழ எறங்கலங்குதா?"

"ஆமாலே, ஐப்பசி பொறக்கட்டும், எறங்கும்" என்றேன்.

அவன் நம்பிவிட்டான். நம்பாமல் என்ன செய்வான்? எங்கள் பக்கம் ஆவணி, புரட்டாசியிலேயே காய்ந்த புழுதியில் நெல்லை விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்து உட்காருகிற ஊர்தானே. மழை வந்தால் முளைக்கும். அந்த விளையாட்டில் மழை என்ற ஒன்றே கிடையாது. காலித் தட்டும் வந்து சேர்ந்தது. பதினான்கு முறை, அதாவது பதினான்கு நாள், ஒன்றுமே செய்யாமல் காத்துக் கிடந்தான் பாவி. நான் மண்டபத்தில் உட்கார்ந்துகொண்டு விழுந்து விழுந்து சிரித்தேன்.

அப்போதுதான் அவனுக்கு ஒரு இடம் அமைந்தது. விவசாயம் பார்க்கிறவனுக்குப் பெண் கிடைப்பதே இப்போது பெரும்பாடு. ஜாதகம் பொருந்தி, இருவரும் போனில் பேசி, அந்தப் பெண்ணுக்கு அவனைப் பிடித்தும் போயிருந்தது. பெண்ணின் அப்பாவும் அம்மாவும் எங்கள் வீட்டைப் பார்க்க வந்த அன்று நானும் ஊருக்குப் போயிருந்தேன். காபி கொடுத்தாயிற்று. சேவும் கொடுத்தாயிற்று. பேச்சு மட்டும் நகரவில்லை. கலகலப்பாக்குகிறேன் பேர்வழி என்று நான் அந்த நீர்த்துளிக் கதையை எடுத்துவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். தம்பியும் தலையைக் குனிந்து சிரித்தான்.

பெண்ணின் அப்பா சிரிப்போடுதான் கேட்டார். "மாப்ள வானத்த நம்புற ஆளுபோல. ஏன், போர்த் தண்ணி இருக்குல்ல?"

"போரா? அது உப்பாகி ரெண்டு வருசமாச்சே!" என்றேன் நான், அதே சிரிப்போடு.

அய்யா டம்ளரைக் கீழே வைத்தார். அதன்பிறகு யாரும் சிரிக்கவில்லை.

தம்பி அந்தப் பெண்ணிடம் போர் விஷயத்தை முன்பே சொல்லியிருக்கிறான். எங்க அப்பாவிடம் நானே பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன், அதுவரை பொறுங்கள் என்று அவள் கேட்டிருக்கிறாள். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நான்காம் நாள், ஜாதகம் சரியில்லை என்று தகவல் வந்தது. பொருந்திய ஜாதகம்!

நான் போனில் அழுதேன். தம்பி திட்டவில்லை. "நீ பொய்யி ஒண்ணும் சொல்லலையேக்கா" என்றான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அன்றோடு அந்த விளையாட்டை நான் திறக்கவில்லை. எந்த முகத்தோடு திறப்பது? சித்திரை போய், அடுத்த தையும் வந்தது. அந்தப் பெண்ணுக்குப் பரமக்குடிப் பக்கம் கல்யாணம் ஆகிவிட்டது என்று கேள்விப்பட்ட அன்று மத்தியானம், மனசு கேட்காமல் திறந்தேன்.

"உங்கள் முறை" என்று நின்றது. என் தலைநகரத்தின் மேலேயே காலித் தட்டு. அவனைக் கேலி செய்த மும்முரத்தில் என் ஊர் பட்டினி கிடந்ததை நான் கவனிக்கவே இல்லை. பக்கத்தில் ஒரு குட்டி வண்டிப் படம், இதுவரை நான் பார்க்காதது. அழுத்திப் பிடித்தேன். தானிய வண்டி. அனுப்பியது தம்பியின் நகரம், அந்த வறண்ட நகரம்தான். அதன் தலையிலும் காலித் தட்டு இருந்தது. அனுப்பிய தேதியைப் பார்த்தேன். ஜாதகம் சரியில்லை என்று தகவல் வந்ததற்கு மறுநாள் காலை.

அத்தனை மாதமும் அவன் என் முறைக்காகக் காத்திருந்திருக்கிறான். என் முறையை முடித்தேன். ஒரு வாரம் பார்த்தேன், அவன் பக்கமிருந்து எதுவும் வரவில்லை. கடைசியில் போனில் அய்யாவின் மருந்தைப் பற்றிப் பேசிவிட்டு, போகிற போக்கில் கேட்பதுபோல அந்த விளையாட்டைப் பற்றிக் கேட்டேன்.

"அதுவா? அத அழிச்சு ரொம்ப நாளாச்சேக்கா" என்றான். "போன்ல எடம் பத்தல."